கால் மணி நேரம் செய்யும் வேலை
சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கும் மச்சான் மின் பட்டியலை நீட்டினார். அலகுகள் கூடவில்லை, கேவிஏ கட்டணம், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமைக்கான கட்டணம் மட்டும் ஏறியிருந்தது. இலங்கையில் 42 கேவிஏக்கு மேற்பட்ட இணைப்புகளில் மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சராசரிச் சுமையைக் குறித்துக்கொள்ளும். மாதத்தில் எந்தக் கால் மணி நேரம் உச்சமோ, அதற்கே கட்டணம். ஒரே ஒரு நாள் அவசரம் போதும்! மோட்டார் கிளம்பும்போது சில விநாடிகள் கூடுதலாக இழுப்பது சராசரியில் கரைந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். நீர்ப்பம்பி, ஊதுவிசிறி, தீட்டும் இயந்திரம் மூன்றும் சேர்ந்து ஓடுவதுதான் வினை. இப்போது மச்சான் தொட்டிக்கு நீர் ஏற்றுவது காலை 6 மணிக்கு, தீட்டல் தொடங்குமுன். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகு விலையும் உச்சம். முடிந்தால் அந்நேரம் ஆலையைப் பூட்டிவிடுங்கள்.