உடைந்த கைக்கருவிக்கு உத்தரவாதம் கோருவது எப்படி? படிப்படியான விளக்கம்

அரை அங்குல ராட்செட் கைப்பிடி (பல்சக்கரத்தால் ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருகும் கருவி) ஒன்றின் சதுர முனை, போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது என் கையிலேயே முறிந்தது. உறையில் வாழ்நாள் உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்த கருவி அது. தயாரித்த நிறுவனத்துக்கு நான் எழுதிய முதல் கோரிக்கை ஒரே வரியில் மறுக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்து, அதே கருவிக்காக வேறு வகையில் எழுதி, விற்ற கடையிடமிருந்து மாற்றுக் கருவியைப் பெற்றேன். முதல் முறை நான் தவறவிட்டவற்றை, இனி கோரப்போகிறவர்களுக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன். மின்கருவிகளை இதில் சேர்க்கவில்லை. ஸ்பேனர், குறடு, சுத்தியல், திருப்புளி, உளி போன்ற கைக்கருவிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

படி 1: முறிந்த முகத்தைத் தொடாதீர்கள்

கருவி உடைந்ததும் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை நீளும். அதைச் செய்யாதீர்கள். முறிந்த முகத்தில் இருக்கும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உரசி நசுங்கிவிட்டால், கருவி ஏன் உடைந்தது என்பதற்கான சாட்சியம் அங்கேயே அழிந்துவிடும். ஒரே அழுத்தத்தில் முறிந்த கெட்டி எஃகின் முகம் பெரும்பாலும் முழுவதும் ஒரே நிறத்தில், சர்க்கரைத் துகள்போல மின்னும். உள்ளே முன்பே விரிசல் இருந்திருந்தால், அந்தப் பகுதி மட்டும் கறுத்தோ துருவேறியோ இருக்கும். அந்த விரிசல் எப்படித் தோன்றியது என்பதை ஆய்வகம்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாலும், அன்று நீங்கள் கொடுத்த விசை மட்டுமே முறிவுக்குக் காரணம் அன்று என்பதை அந்த நிறமே காட்டிவிடும். அளவுக்கு மீறி முறுக்கப்பட்ட கருவி வேறு விதமாகத் தோன்றும். ஆலன் சாவியாக இருந்தால், முறிவதற்கு முன் அதன் விளிம்புகள் சுருள்போலத் திரும்பியிருக்கும். அப்படி இருந்தால் உத்தரவாதம் கிடைப்பது அரிது. அதை மறைக்கவும் கூடாது.

நான் துண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, சுத்தமாக்கிய பிறகுதான் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். கறுத்திருந்த மூலை அதில் இல்லாமல் போய்விட்டது. உடைந்த நிமிடத்தில் நண்பர் ஒருவருக்குக் கைப்பேசியில் அனுப்பியிருந்த ஒரே ஒரு படம்தான் பின்னர் என் கோரிக்கையைக் காப்பாற்றியது.

படம் எடுக்கும்போது நேரான ஒளியைவிடப் பக்கவாட்டிலிருந்து விழும் சாய்வான ஒளியே சிறந்தது. மேடுபள்ளங்கள் அதில்தான் தெளிவாகத் தெரியும். அருகில் ஓர் அளவுகோலை வையுங்கள். கருவியில் பொறித்திருக்கும் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவற்றையும் தனித்தனியாகப் படமெடுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனி உறையில் இட்டு மூடிவிடுங்கள்.

படி 2: வாங்கியதற்கான சான்று

கடைகளில் தரும் வெப்ப அச்சு ரசீது சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும் என்பதால், வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைப்பது என் வழக்கமாகிவிட்டது. ரசீது இல்லாதவர்கள் வங்கிக் கணக்கு விவரம், அட்டைப் பரிவர்த்தனைக் குறுஞ்செய்தி, இணைய ஆணையின் மின்னஞ்சல் ஆகியவற்றைச் சேகரிக்கலாம். இந்தியாவில் ரசீது தராமல் விற்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கைகளுள் ஒன்று. ஆகவே ரசீதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

படி 3: ‘வாழ்நாள்’ என்றால் யாருடைய வாழ்நாள்?

உத்தரவாத அட்டையை முழுவதும் படியுங்கள். வாழ்நாள் என்ற சொல் சில அட்டைகளில் முதலில் வாங்கியவர் அந்தக் கருவியை வைத்திருக்கும் காலத்தைக் குறிக்கும். சிலவற்றில் கருவியின் இயல்பான தேய்மானக் காலத்தைக் குறிக்கும். இந்தக் குழப்பம் புதிதன்று. வாழ்நாள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்பவர் அது எதன் வாழ்நாள் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தன் விளம்பர வழிகாட்டுதலிலேயே எழுதி வைத்திருக்கிறது.

விதிவிலக்குகளைத் தேடும்போது மூன்றைக் கவனியுங்கள். ரம்பத் தகடு, திருகு முனை, அரம் போன்ற தேயும் பொருட்கள் பெரும்பாலும் உத்தரவாதத்திற்கு வெளியே இருக்கும். முறுக்கு விசையை அளக்கும் டார்க் ஸ்பேனருக்குப் பொதுவாகத் தனியான, குறுகிய காலமே தருவார்கள். சாணை பிடித்தல், பற்றவைத்தல், துளையிடுதல் என எந்த மாற்றம் செய்திருந்தாலும் பெரும்பாலான அட்டைகளின்படி உத்தரவாதம் போய்விடும். கையால் திருகும் குரோம் பூச்சு சாக்கெட்டை (போல்ட் தலையைக் கவ்வும் குழலை) இம்பாக்ட் கருவியில், அதாவது தட்டித் தட்டிச் சுழற்றும் விசைக்கருவியில் மாட்டி உடைத்துவிட்டு உத்தரவாதம் கேட்பவர்கள் பலர். அந்தக் கோரிக்கையை மறுப்பது நியாயமே என்பது என் கருத்து.

படி 4: யாரிடம் கேட்பது?

அட்டையில் தயாரிப்பாளரின் முகவரி இருப்பதால் நாம் அங்கேயே போகிறோம். அட்டை என்பது தயாரிப்பாளர் தன் விருப்பத்தால் தரும் வாக்குறுதி. அதன் நிபந்தனைகளை அவரே எழுதுகிறார். அதிலிருந்து தனியாக, விற்றவர்மேல் சட்டம் சுமத்தும் பொறுப்பு ஒன்று இருக்கிறது. விற்கும் பொருள் விற்பனைக்குரிய தரத்திலும், வாங்கியவர் தெரிவித்த நோக்கத்திற்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனின் 1893ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் தொகுக்கப்பட்டு, இலங்கையின் 1896ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. அட்டையின் காலம் முடிந்தது என்று கடைக்காரர் சொல்வதாலேயே இந்தப் பொறுப்பும் முடிந்துவிடுவதில்லை.

இன்றைய நிலை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கையே. ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், அதைச் செய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் உண்டு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, பொருளைப் பெற்ற 6 மாதங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிறுவுவது விற்றவரின் சுமை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை நிராகரித்துப் பணத்தைத் திரும்பப் பெற முதல் 30 நாட்களைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றவரின் பொறுப்பு குறைந்தது 2 ஆண்டுகள் நீடிக்கும். இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் விற்பனை நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால், அங்கிருப்பவர்கள் தயாரிப்பாளரின் பதிலுக்காகக் காத்திருந்து நாட்களை இழந்துவிடக் கூடாது.

என் தேர்வு இதுதான்: வாங்கி ஓரிரு ஆண்டுகளுக்குள் உடைந்தால் முதலில் விற்றவரிடம் செல்லுங்கள், அதற்குப் பிறகென்றால் தயாரிப்பாளரின் வாழ்நாள் உத்தரவாதத்தை நாடுங்கள்.

படி 5: கடிதத்தின் சொற்கள்

என் முதல் கோரிக்கை தோற்றது இந்தப் படியில்தான். ‘துருவேறிய போல்ட் அசையாததால் முழுப் பலத்தையும் கொடுத்து அழுத்தியபோது முறிந்தது’ என்று எழுதியிருந்தேன். அளவுக்கு மீறிய விசை உத்தரவாதத்தில் அடங்காது என்று பதில் வந்தது. நான் எழுதியது உண்மை. ஆனால் முழுப் பலம் என்பது எந்த அளவையும் சொல்லாத சொல். படிப்பவர் அதற்குள், நெம்புவதற்காகக் கைப்பிடியில் மாட்டிய இரண்டு மீட்டர் குழாயையும் நுழைத்துப் பார்க்கலாம், ஒரு கையின் அழுத்தத்தையும் பார்க்கலாம்.

கணக்கிட்டுப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 40 கிலோ எடைக்கு நிகராக அழுத்தினால், முனையில் ஏற்படும் முறுக்கு விசை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். அதே அழுத்தத்தை ஒரு மீட்டர் குழாய் மாட்டிக் கொடுத்தால் அது நான்கு மடங்காகிவிடும். சதுர முனைக் கைக்கருவிகளுக்கான சோதனைகளை ஐ.எஸ்.ஓ. 3315 என்ற தரநிலை வரையறுக்கிறது. நீட்டிப்பு இல்லாத கைப்பிடியை ஒரு மனிதர் கையால் அழுத்துவது, அந்தக் கருவி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பயன்பாடே. ஆகவே நீளத்தையும், கையால் மட்டும் அழுத்தியதையும், நீட்டிப்பு இல்லை என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது கடிதத்தை இப்படி அமைத்தேன்: ‘உங்களிடம் இன்ன நாளில் வாங்கிய அரை அங்குல ராட்செட் கைப்பிடியின் சதுர முனை, இன்ன நாளில், 19 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைத் தளர்த்தும்போது முறிந்தது. கைப்பிடியைக் கையால் மட்டுமே அழுத்தினேன், குழாயோ வேறு நீட்டிப்போ மாட்டவில்லை, சுத்தியலால் தட்டவில்லை. முறிந்த உடனே எடுத்த படத்தில், முகத்தின் ஒரு மூலை மற்ற பகுதியைவிடக் கறுத்திருப்பதைக் காணலாம். துண்டுகளைப் பிறகு கழுவிவிட்டேன். மாற்றுக் கருவியோ, செலுத்திய தொகையோ தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானால், காரணத்தை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.’

கழுவியதையும் நானே எழுதியதற்குக் காரணம் உண்டு. துண்டுகளைப் பார்க்கும்போது அவர்களே அதைக் கண்டுபிடித்தால், மற்ற வரிகளின் நம்பகமும் குறைந்துவிடும். குழாய் மாட்டியிருந்தால் மாட்டவில்லை என்று ஒருபோதும் எழுதாதீர்கள். நீட்டிப்பின் தடம் கைப்பிடியில் பதிந்திருக்கும். கோபத்தை வெளிப்படுத்தும் வரிகளையும் விட்டுவிடுங்கள். இக்கடிதத்தைப் பின்னர் ஓர் ஆணையமோ தீர்ப்பாயமோ படிக்க நேரலாம்.

படி 6: மறுத்தால்

தொலைபேசியில் பேசியவை எவையாயினும், அன்றே மின்னஞ்சலில் சுருக்கி அனுப்பிவிடுங்கள். கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால், இந்தியாவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அடுத்த கட்டமான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே முறையிடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. சிங்கப்பூரில் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயமும், மலேசியாவில் நுகர்வோர் கோரிக்கைத் தீர்ப்பாயமும் இதற்கென உள்ளன. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் பத்தாவது நாளில் அழைத்தார்.

பிற்சேர்க்கை 1: கருவியால் பிழைப்பவர்கள்

தச்சு வேலை செய்யும் வாசகர் ஒருவர், தொழிலுக்காக வாங்கிய அவர் நுகர்வோர் அல்லர் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தார். இந்தியச் சட்டப்படி அது எப்போதுமே சரி என்று சொல்ல முடியாது. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றாலும், சுயதொழில் மூலம் தம் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்துபவரைச் சட்டம் அந்த விலக்கிலிருந்து வெளிப்படையாகக் காக்கிறது. ஆள் வைத்துப் பட்டறை நடத்துபவரின் நிலை வேறாகலாம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் தொழிலுக்காக வாங்கியவருக்கு நுகர்வோர் விதிகள் பெரும்பாலும் பொருந்தா. அவர்கள் உத்தரவாத அட்டையையும் பொதுவான விற்பனைச் சட்டத்தையும் சார்ந்திருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: துண்டுகளை அனுப்பச் சொன்னால்

ஆய்வுக்காகத் துண்டுகளைக் கேட்பார்கள்; கேட்பது நியாயமே. இரண்டு துண்டுகள் இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் அனுப்ப ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். முறிந்த இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையானவை என்பதால், கையில் இருக்கும் துண்டும் சாட்சியமே. முழுவதையும் கேட்டால், உறையில் வைக்கும் வரை படமெடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ஆய்வறிக்கையின் நகலை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பிற்சேர்க்கை 3: ராட்செட்டின் உட்பகுதி மட்டும் பழுதானால்

பல்சக்கரமோ அதைத் தடுக்கும் நாக்கோ தேய்ந்து நழுவும்போது, சில தயாரிப்பாளர்கள் முழுக் கருவிக்குப் பதிலாக உட்பாகத் தொகுப்பை அனுப்புகிறார்கள். தலைப்பகுதியில் விரிசல் இல்லையென்றால் அதை ஏற்றுக்கொள்ளவே நான் பரிந்துரைப்பேன். மாற்றுவதற்கு முன் தலையைத் துடைத்து, சதுர முனையின் அடிப்பகுதியில் உருப்பெருக்கியால் பாருங்கள். அங்கே மயிரிழை அளவு கோடு தெரிந்தால் தொகுப்பைத் திருப்பி அனுப்பி, முழுக் கருவியையே கேளுங்கள்.