பழைய எக்ஸ்பாக்ஸ் 360: கூலிங் ஃபேன் மாற்றிய அனுபவம்

எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ கேம் கன்சோலில், 2005-இல் வந்த முதல் மாடலுக்கு மட்டுமே இது பொருந்தும். 2010-இன் ஸ்லிம் மாடலில் அமைப்பே வேறு.

கரகர சத்தம் வந்தால் முதலில் பவர் பிரிக்கை (மின்வயரில் தனியாக இருக்கும் பவர் சப்ளை பெட்டி) காதருகே வைத்துக் கேளுங்கள். அதற்குள்ளும் ஒரு குட்டி ஃபேன் உண்டு. கன்சோலுக்குள்ளிருந்துதான் சத்தம் என்றால் ஃபேனின் பேரிங் (அது சுழல உதவும் பாகம்) தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு பழையபடி ஆரம்பிக்கும். மாற்றுவதே நல்லது.

திறப்பதுதான் பெரிய வேலை. ஹார்டு டிஸ்க், முகப்புத் தகடு, இருபக்க கிரில் எல்லாம் கழற்றியபின், பின்புறம் வரிசையாக உள்ள சிறு துளைகளில் தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒவ்வொரு கிளிப்பாக அழுத்துங்கள். அவசரப்பட்டு நெம்பினால் கிளிப் முறியும். அடியில் ஆறு நீள டி10 (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றினால் மேல் மூடி வரும்.

டிவிடி டிரைவின் பின்னால் உள்ள இரண்டு கேபிள்களைப் பிடுங்கி டிரைவை எடுங்கள். காற்றை வழிநடத்தும் வெள்ளை பிளாஸ்டிக் டக்டைத் தூக்குங்கள். இரட்டை ஃபேன் ஒரே சட்டத்தில், ஒரே கனெக்டரில் இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்துக் கழற்றுங்கள். சிப்பின் சூட்டை வாங்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கைத் தொட வேண்டியதில்லை, எனவே இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்டும் வேண்டாம்.

புது ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டும். டக்டை மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லாமல் காற்று ஹீட்சிங்க் வழியே போகாது. பவர் பட்டனைச் சுற்றிய வளையத்தில் இடப்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கு மின்னினால் சூடு ஏறுகிறது, உடனே அணைத்துவிடுங்கள்.