மக், டி-ஷர்ட் அச்சுக்கு டிசைன் ஃபைலைத் தயார் செய்வது

கோயில் திருவிழா டி-ஷர்ட், ஒகேனக்கல் படம் போட்ட மக், ஓசூர் கம்பெனியின் ஆண்டுவிழாப் பரிசு என்று எதுவானாலும், டிசைனில் கை வைக்கும் முன் கடையில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: சப்ளிமேஷனா (தாளில் அச்சிட்டு, சூட்டால் மையைப் பொருளில் ஏற்றுவது), டிடிஎஃப்பா (ஃபிலிமில் அச்சிட்டு, பசைத்தூளால் துணியில் ஒட்டுவது), ஸ்க்ரீன் பிரிண்டா (வலைச் சட்டத்தின் வழியே மையைத் துணியில் தேய்ப்பது)? ஒரே படத்துக்கு மூன்றிலும் மூன்று விதமாக ஃபைல் வேண்டும்.

சப்ளிமேஷன் மை பாலியஸ்டரில்தான் பிடிக்கும். மக்கிலும் அதற்கான பூச்சு இருக்க வேண்டும். காட்டன் துணியில் அடித்தால் சில சலவையிலேயே வெளுத்துவிடும். இந்த முறையில் வெள்ளை மையே கிடையாது. படத்தில் வெள்ளையாக உள்ள இடத்தில் அடியிலுள்ள நிறம்தான் தெரியும். வெள்ளை மக்கில் பளிச்சென்று வரும் அருவி நுரை, இளமஞ்சள் டி-ஷர்ட்டில் மஞ்சளாகத்தான் இருக்கும். வெளிர்நீலத் துணியில் கிருஷ்ணகிரி மாம்பழத்தை அடித்தால் பழம் காயாகிவிடும், பச்சை நிறத்தில்!

11 அவுன்ஸ் மக்குக்கு 20 × 9 செ.மீ., 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2362 × 1063 பிக்சல் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரின் டெம்ப்ளேட் (அளவு குறித்த மாதிரி ஃபைல்) கிடைத்தால் அதுவே மேல். மேல், கீழ் விளிம்புகளில் சூடும் அழுத்தமும் சீராகப் படாமல் மங்கும். எழுத்தையும் முகத்தையும் 7 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவது யார் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். நீங்களும் திருப்பி, அவர்களும் திருப்பினால் மக்கில் எழுத்து இடவலம் மாறி வந்து நிற்கும்.

கறுப்பு, சிவப்பு என அடர்நிறக் காட்டனுக்கு டிடிஎஃப். பின்னணி நீக்கிய பிஎன்ஜி (PNG) ஃபைலாகக் கொடுங்கள். நிழல், ஒளிவட்டம் போல மெல்ல மறையும் ஓரங்களை எடுத்துவிடுங்கள்; அவற்றின் அடியிலும் வெள்ளை மை விழுவதால் அழுக்கு வளையம் போலத் தெரியும். கறுப்புத் துணியென்றால் டிசைனில் உள்ள கறுப்பை வெட்டி நீக்கி, துணியையே கறுப்பாக விடலாம். நெஞ்சு முழுக்கக் கட்டமாக அடித்தால் காற்றுப் புகாது. தருமபுரி வெயிலில் அதை யாரும் ஒரு மணி நேரம்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்க்ரீனுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம். ஒன்றிரண்டு நிறம், நூற்றுக்கணக்கில் ஆர்டர் என்றால்தான் கட்டுப்படியாகும். ஃபைல் வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவமாக) இருக்கட்டும்.

அதிகம் சொதப்புவது தமிழ் எழுத்துதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் வேறு சிக்கல்: இந்திய மொழிகளுக்கான அமைப்பு அணைந்திருக்கும் போட்டோஷாப்பில் ‘பொங்கல்’ என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். டைப் பிரிஃபரன்ஸில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்ற தேர்வு உள்ள பதிப்பானால் அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் வேறு. எழுத்துப் பிழை பார்த்து முடித்ததும் ஒரு காப்பியைத் திருத்தும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, மற்றொன்றில் எழுத்துகளை வடிவமாக மாற்றுங்கள். கோரல் டிராவில் கன்ட்ரோல்+க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ.

மெய்யெழுத்துப் புள்ளியையும் கவனியுங்கள். டிடிஎஃப்பில் சின்னப் புள்ளிக்குப் போதிய பசைத்தூள் ஒட்டாது. ஃபிலிமை உரிக்கும்போதோ முதல் சலவையிலோ உதிர்ந்து ‘க்’ வெறும் ‘க’ ஆகிவிடும். புள்ளி 1 மி.மீ.க்குக் குறையாத அளவில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது தடித்த எழுத்துருவுக்கு மாறுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த 900 பிக்சல் போட்டோவை 300 டிபிஐ என்று மாற்றி எழுதுவதால் அதில் இல்லாத விவரம் வந்துவிடாது. 900 பிக்சல் மூன்று அங்குலத்துக்குத்தான் தாங்கும். எடுத்தவரிடமே ஒரிஜினலைக் கேளுங்கள். நீங்கள் கடைக்கு அனுப்பும்போதும் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரே ஒரு பீஸ் அடித்து வாங்கி, டி-ஷர்ட்டாக இருந்தால் ஒரு நாள் கழித்துத் துவைத்தும் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.