மாஸ் டிம்பர் கல்லூரிக் கட்டடம்: மரம் தேர்வதில் நேரும் தவறுகள்

டொரொண்டோவின் ஸ்கார்பரோவில், சென்டெனியல் கல்லூரியின் ப்ரோக்ரஸ் வளாகத்தில் 2023-இல் ஓர் ஆறு மாடிக் கட்டடம் திறக்கப்பட்டது. அதைத் தாங்கி நிற்பது மாஸ் டிம்பர் என்னும் மரம். டயலாக் நிறுவனமும், அனிஷினாபே என்னும் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் எலாடியா ஸ்மோக்கின் ஸ்மோக் ஆர்க்கிடெக்சரும் சேர்ந்து, பூர்வகுடி அறிவையும் கருத்தில் கொண்டு வடிவமைத்தது. ஸ்கார்பரோ தமிழர் நிறைந்த ஊர் என்பதால் நம்மவர் பலர் அதைக் கடந்து போயிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு “நாமும் இப்படி ஒன்று கட்டலாமே” என்று கிளம்பும் கல்லூரிகளும் ஆலோசகர்களும் எங்கே சறுக்கக்கூடும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மரம் என்றதும் நமக்கு வைரம் பாய்ந்த தேக்கு நினைவுக்கு வரும். மாஸ் டிம்பர் அதுவல்ல. ஸ்ப்ரூஸ், பைன் போன்ற மென்மரங்களை அறுத்து, உலர்த்தி, பசையிட்டு அழுத்திச் செய்யும் பெரிய பாகங்கள் அவை. பலகைகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டினால் குளூலம். தூணுக்கும் உத்தரத்துக்கும் அது. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டினால் சி.எல்.டி. (கிராஸ் லேமினேட்டட் டிம்பர்); தளத்துக்கும் சுவருக்கும் அது.

பெரிய தவறு, பூர்வகுடிப் பண்பாட்டைக் கடைசியில் ஒட்டும் அலங்காரமாக நினைப்பது. வரைபடம் முடிந்து, மரத்துக்கும் ஆர்டர் கொடுத்த பிறகு, “நுழைவாயிலில் ஏதாவது வைக்கலாமா?” என்று மூத்தவர்களிடம் கேட்கப் போவார்கள். அதற்குள் பல முடிவுகள் கைவிட்டுப் போயிருக்கும். மரம் எந்தக் காட்டிலிருந்து வருகிறது, அந்தக் காடு யாருடைய பாரம்பரிய நிலம், வெட்டுவதற்கு அவர்கள் முன்கூட்டியே, விவரம் அறிந்து, வற்புறுத்தலின்றிச் சம்மதித்தார்களா என்ற கேள்விகள் அலங்காரத்துக்கு வெகு முன்னால் வருபவை. பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 2007-இல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டத்தைக் கனடா 2021-இல் இயற்றியது. பொறுப்போடு பராமரிக்கும் காடுகளின் மரத்துக்குத் தரப்படும் எஃப்.எஸ்.சி. சான்றிதழின் கொள்கைகளில் ஒன்றே பூர்வகுடி உரிமை பற்றியதுதான். ஆனாலும் சான்றிதழ் முத்திரையைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவது சோம்பேறித்தனம். முத்திரை விற்பவரின் தாளில் இருக்கிறது. உறவு நிலத்தில் இருக்கிறது.

இதன் இன்னொரு முகம், எல்லாப் பூர்வகுடிகளும் ஒன்றே என்று நினைப்பது. உருவங்கள் செதுக்கிய டோட்டம் கம்பமும் அதற்கு ஏற்ற மேற்கத்திய செஞ்சீடர் மரமும் பசிபிக் கரையோர மக்களுக்கு உரியவை. டிப்பி என்னும் கூம்புக் கூடாரம் சமவெளி மக்களுடையது. நீள்வீடு ஹோடனோஷோனி மக்களுடையது. அனிஷினாபே மக்களின் விக்வாம் குடில் இளங்கொம்புகளை வளைத்துக் கட்டி, மேலே பிர்ச் மரப்பட்டை போர்த்தியது. ஒன்டாரியோவில் கட்டும் கட்டடத்துக்குப் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து செஞ்சீடரை வரவழைத்து “பூர்வகுடி உணர்வு” என்று பெயர் சூட்டினால், அந்த மண்ணின் மக்கள் மனத்துக்குள் சிரிப்பார்கள். அதே ஒன்டாரியோவில் வளரும் வெண்சீடர், அனிஷினாபே மக்களின் நான்கு புனித மூலிகைகளில் ஒன்று. மற்றவை புகையிலை, செய்ஜ், ஸ்வீட்கிராஸ். அதை வெறும் சுவர்ப் பலகையாக விலைப்பட்டியலில் சேர்க்கும் முன் கேட்பதுதான் மரியாதை. பிர்ச் பட்டையைப் போல அச்சிட்ட அலுமினியத் தகடுகளைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

கருத்தைக் கடன் வாங்குவது வேறு. சென்டெனியல் கட்டடத்துக்கு வழிகாட்டிய ‘இரு கண் பார்வை’, அதாவது ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவையும் மறு கண்ணால் மேற்கத்திய அறிவியலையும் பார்ப்பது, மிக்மா மூத்தவர் ஆல்பர்ட் மார்ஷல் பரப்பிய சிந்தனை. மிக்மா மக்கள் அட்லாண்டிக் கரையோரத்தவர்கள். ஆனாலும் யாருடையது என்று சொல்லித்தான் அது எடுத்தாளப்பட்டது.

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் நம் வீட்டு மரக்கதவு உப்பி, நிலையில் இறுகிக்கொள்வதைப் பார்க்காதவர் இல்லை. அந்தக் கதவை ஆறு மாடி உயரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். சி.எல்.டி. ஆலையிலிருந்து வெளியே வரும்போது அதன் ஈரப்பதம் சுமார் 12 சதவீதம். கட்டுமானத் தளத்தில் மழையும் பனியும் பட்டால், பலகையின் வெட்டுமுனைகள் உறிஞ்சுகுழல் போல நீரைக் குடிக்கும். 20 சதவீதத்தைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் பூஞ்சைக்கு வழி பிறக்கிறது. இங்கே செய்யும் அபத்தம், நனைந்த தளத்தின் மேல் நீர்புகாத் தாளை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லை. ஈரமானியால் அளந்து, எண்ணைக் குறித்து வைத்த பிறகே மூட வேண்டும். முனைப்பூச்சு, மூட்டுகளின் மேல் நாடா, தற்காலிகக் கூரை ஆகிய மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

நேர் எதிரான தவறும் உண்டு. கட்டடத்தை மூடியதும் டொரொண்டோ குளிருக்குப் பயந்து ஹீட்டர்களை முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். மரம் திடீரென உலர்ந்து வெடிப்பு விடும். வெப்பத்தை வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும்.

மரம் நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். தூணின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் அடுத்த தூண் என்று அடுக்கினால், 300 மி.மீ. உயர உத்தரம் உலர்ந்து தளத்துக்கு 3 முதல் 4 மி.மீ. வரை இறங்கும். ஆறு தளத்துக்குச் சேர்த்தால் சுமார் 2 செ.மீ. குழாய்களும் கண்ணாடிச் சுவரும் அதைத் தாங்குமா? தூண் மேல் தூண் நேரடியாக அமரும்படி இணைப்பைத் தேர்ந்தால் இந்தப் பிரச்சினை பெரிதும் குறையும்.

தீ பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. தடித்த மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. வேகத்தில் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசம். கவனிக்க வேண்டியது பசை. சூட்டில் இளகும் பசையாக இருந்தால் கரிந்த அடுக்கு உதிர்ந்து, புது மரம் தீக்கு முகம் காட்டும். சி.எல்.டி.க்கான வட அமெரிக்காவின் பி.ஆர்.ஜி. 320 தரவிதி 2018 பதிப்பில் இதைத் தடுக்கச் சோதனையைக் கடுமையாக்கியது. பலகை அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ நிறைவு செய்கிறதா என்று கேளுங்கள். இரும்பு இணைப்புகள் வெளியே தெரியாமல் மரத்துக்குள் புதைந்திருக்கட்டும்.

ஒலியைப் பலர் மறந்தேபோகிறார்கள். வெறும் சி.எல்.டி. தளத்தின் மேல் நாற்காலியை இழுத்தால் கீழ் வகுப்பில் பாடம் நின்றுவிடும். ஒலித்தடுப்புப் பாயும் அதன் மேல் கான்கிரீட் படலமும் வேண்டும். அப்படியென்றால் தளத்தின் தடிமனும் எடையும் கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

கடைசியாகக் கார்பன் கணக்கு. ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் மரம் ஏறக்குறைய 0.8 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான கார்பனை அடக்கி வைத்திருக்கிறது. விளம்பரங்கள் அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டு, கட்டடத்தின் கார்பன் கடனிலிருந்து முழுவதையும் கழித்துவிடும். மரம் இடிபாடாகி எரிந்தாலோ மட்கினாலோ அந்தக் கார்பன் காற்றுக்குத் திரும்பிவிடும். வடக்குக் காட்டில் கரும் ஸ்ப்ரூஸ் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே சேமிப்பைத் தனி வரியில் காட்டுங்கள்; கூட்டல் கழித்தலில் கலக்காதீர்கள். மரக்கட்டடத்துக்கும் அடித்தளம் கான்கிரீட்தான். அதில் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக இரும்பாலைக் கசடைச் சேர்ப்பதும், நுரைக் காப்புப் பலகையைத் தவிர்த்துக் பாறை இழைக் கம்பளியை (ராக் வூல்) எடுப்பதும் பார்வையாளர் எவர் கண்ணிலும் படாது. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சிமெண்டின் பங்கு 7 சதவீதத்துக்கும் மேல் என்பதால், தரைக்குக் கீழே உள்ள அந்த வேலைக்கும் பொருள் பட்டியலில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள்.