மெயின் லைன் பைப் மாத்தப் போறீங்களா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க

"எந்த பைப்புங்க பெஸ்ட்டு, காப்பரா, ஹெச்டிபிஇயா, சிபிவிசியா?"ன்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குற மொத கேள்வி, மண்ணுக்குள்ள எத்தன ஜாயின்ட் வருதுங்கிறதுதான். முக்காவாசிப் பேரு முழிப்பாங்க. (ஹெச்டிபிஇங்கிறது சுருளா வர்ற பாலிதீன் பைப்பு, சிபிவிசிங்கிறது சுடு தண்ணி தாங்குற பிவிசி.) மீட்டர்ல இருந்து வீட்டுக்குள்ள வர்ற லைன்ல ஒழுகுறது பெரும்பாலும் பைப்போட நடுவுல இல்ல, ஒட்டுன எடத்துலயும் மரை போட்ட எடத்துலயும்தான். அத தோண்டிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள தரை போயிடும், செடி போயிடும், தூக்கமும் போயிடும்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு, மாத்த வேண்டியது மெயின் லைன்தானான்னு பாக்காமலே பள்ளம் தோண்டிடுறாங்க. வீட்டுக்குள்ள வர்ற எடத்துல இருக்கிற வால்வ மூடிட்டு மீட்டரப் பாருங்க, அப்பவும் முள்ளு சுத்துனா ஒழுகுறது மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவுல, சுத்தலன்னா ஒழுகல் வீட்டுக்குள்ள. தண்ணி கம்மியா வருதுங்கிற கேஸ்ல, வால்வுக்குப் பக்கத்துல மெயின் லைனக் கழட்டி ஒரு பக்கெட் புடிச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும், அங்க நல்லா வருதுன்னா மெயின் லைன் மேல பழி போடாதீங்க, அடைப்பு உள்ள இருக்கிற பழைய ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு பைப்புல. பழைய ஜிஐய அறுத்துப் பாத்தவங்களுக்குத் தெரியும், வெளிய ஒரு இஞ்ச் பைப்பு, உள்ள துரு படிஞ்சு பென்சில் நுழையிற அளவுக்கு ஓட்டை.

சரி, மெயின் லைன்தான்னு முடிவாயிடுச்சு, இப்ப சைஸ். இதுல ஏமாறாத ஆளே இல்லன்னு சொல்லலாம், நானும் ஏமாந்திருக்கேன். "பழசு முக்கால் இஞ்ச், புதுசும் முக்கால் இஞ்ச்"னு வாங்கிட்டு வந்துடுறோம், ஆனா முக்கால் இஞ்ச்ங்கிறது ஒவ்வொரு மெட்டீரியல்லயும் ஒவ்வொண்ணு. டைப் எல்ங்கிற நடுத்தர தடிமன் காப்பர்ல முக்கால் இஞ்ச்னா உள் விட்டம் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர், பெக்ஸ்ங்கிற வளையிற பிளாஸ்டிக் பைப்புல அதே முக்கால் இஞ்ச்னா 17 மில்லிமீட்டர் சொச்சம். மூணு மில்லிமீட்டர் என்ன பெருசுன்னு தோணும், ஆனா பைப் சுவத்துல உரசி அழுத்தம் ரெண்டுலயும் அதே அளவு குறையிற கணக்குல காப்பர்ல சுமார் 40, 45 சதவீதம் தண்ணி அதிகமா போகும். ஹெச்டிபிஇல இன்னும் குழப்பம், அதுல சொல்ற சைஸ் வெளி விட்டம், 32 எம்எம்னு வாங்குனா எஸ்டிஆர் 11 கிரேடுல (வெளி விட்டம் சுவரு தடிமனப் போல 11 மடங்கு) உள்ள 26தான் மிஞ்சும். அதனால கடையில சைஸ் சொல்லாதீங்க, உள் விட்டம் எவ்வளவுன்னு கேளுங்க, சந்தேகமா இருந்தா ஒரு சைஸ் பெருசா போட்டுடுங்க, பள்ளம் தோண்டுற கூலி ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

அடுத்தது ஜாயின்ட் விஷயம், எனக்கு இதுல கொஞ்சம் வாய் நீளும். மண்ணுக்குள்ள போற லைனுக்கு நான் மொதல்ல பாக்குறது ஹெச்டிபிஇ காயில், ஏன்னா மீட்டர்ல இருந்து வீடு வரைக்கும் ஒரே துண்டா, நடுவுல ஒரு ஜாயின்ட் கூட இல்லாம இழுத்துடலாம், ரெண்டு முனையிலயும் மட்டும்தான் ஃபிட்டிங். ஆனா இதையே வாங்கிட்டு வந்து தப்பா ஜாயின்ட் போடுறவங்க உண்டு. பிவிசி ஒட்டுற சொலுஷன் ஹெச்டிபிஇல ஒட்டவே ஒட்டாது, எந்த கம்பெனி டப்பாவா இருந்தாலும் சரி. சூடு காட்டி வெல்டிங் பண்ணணும், இல்லன்னா நட்டு போட்டு இறுக்கிப் புடிக்கிற கம்ப்ரஷன் ஃபிட்டிங் போடணும், முனைய நேரா வெட்டி பிசிறு எடுத்து எவ்வளவு உள்ள போகணும்னு பேனாவால கோடு போட்டுட்டுத் தள்ளணும். கோடு போடாம தள்ளுனது பாதிதான் உள்ள போயிருக்கும், நட்டு டைட்டா இருக்கும், ஆறு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி பிடுங்கிக்கும். வளைக்கிறதுலயும் அவசரம் கூடாது, விட்டத்தப் போல சுமார் 25 மடங்கு ஆரத்துக்குக் கம்மியா வளைச்சா மடிஞ்சிடும், 32 எம்எம்முக்கு அது 80 சென்டிமீட்டர்.

பிவிசி போடுறவங்களுக்கு வர்ற பிரச்சனை வேற மாதிரி. சொலுஷன்ங்கிறது பசை இல்ல, அது பைப்போட மேல்தோல கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்குது, அதனால ஈரமா இருந்தாலோ மண்ணு ஒட்டியிருந்தாலோ ஒட்டுன மாதிரி இருக்கும் ஆனா ஒட்டியிருக்காது. டப்பா மேல எத்தன மணி நேரம் காயணும்னு எழுதியிருக்கும், அத மதிக்காம அரை மணி நேரத்துல வால்வத் தொறந்து விட்டு "பாருங்க ஒழுகல"ன்னு சொல்லிட்டு போற ஆள நம்பாதீங்க. இன்னொண்ணு, பிளாஸ்டிக் ஃபிட்டிங்கோட உள்மரையில இரும்போட வெளிமரைய ஏத்தவே ஏத்தாதீங்க. மரை நுனி சின்னதாகி போகப் போக பெருசாகும், டைட் பண்ணப் பண்ண ஆப்பு அடிக்கிற மாதிரி பிளாஸ்டிக்க பிளக்கும். மாத்தி, பிளாஸ்டிக் வெளிமரைய இரும்பு உள்மரைக்குள்ள ஏத்துனா பிரச்சனை கம்மி, இல்லன்னா பித்தளை மரை வச்ச ஃபிட்டிங் வாங்கிக்குங்க.

பைப் மேல போட்டிருக்கிற பிரஷர் நம்பர மட்டும் பாத்து வாங்குறதும் அரைகுறை வேலைதான். 10 பார்னா சுமார் 100 மீட்டர் உயர தண்ணியோட அழுத்தம், நம்ம வீட்டுக்கு என்ன அவ்வளவா வரப்போகுதுன்னு நெனைப்போம். ஆனா அந்த நம்பர் 20, 25 டிகிரி தண்ணிக்கு எழுதுனது. பிவிசி 43 டிகிரிக்கு வந்தா தாங்குற சக்தி பாதியாயிடும், 60 டிகிரிக்கு மேல அத பயன்படுத்தவே கூடாது, வெயில்ல கெடக்குற பைப்புல தண்ணி எவ்வளவு சூடாகும்னு கைய வச்சுப் பாத்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் தண்ணி அடி, அதாவது ஓடிட்டிருக்கிற தண்ணிய டக்குனு நிறுத்துனா வர்ற அதிர்ச்சி. செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துல போற தண்ணிய சட்டுனு மூடுனா இரும்பு, காப்பர் பைப்புல 12, 13 பார் வரைக்கும் கூடுதல் அழுத்தம் எகிறும், பிவிசில 4, 5 பார், ஹெச்டிபிஇ மாதிரி இளகுன பைப்புல 3 பார் அளவுக்குத்தான். வாஷிங் மெஷின் வால்வு டப்புனு மூடும்போது சுவரு அதிருதுல்ல, அதுதான் இது. மோட்டார் போட்டு நேரா லைன்ல தள்ளுறவங்க இத கணக்குல எடுத்துக்கணும்.

காப்பர் நல்லதுதான், இல்லன்னு சொல்லல, ஆனா காப்பர் போடுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு, தெரிஞ்ச பிளம்பர் கூட விட்டுடுறாங்க. வீட்டுக்குள்ள பழைய ஜிஐ அப்படியே இருக்கு, மெயின் லைன மட்டும் காப்பர்ல மாத்துறீங்க, அப்ப தண்ணி காப்பர்ல வந்து ஜிஐக்குள்ள போகுது. தண்ணியில கரைஞ்ச செம்பு கொஞ்சம் கொஞ்சமா ஜிஐயோட துத்தநாகப் பூச்சு மேல படிஞ்சு அங்கங்க குழி விழும். ரெண்டு உலோகமும் தொடாம இருக்க நடுவுல இன்சுலேட்டட் யூனியன் போடுவாங்க, அது தொடுற எடத்த காப்பாத்தும், தண்ணியில கரைஞ்சு வர்றத நிறுத்தாது. அதனால உள்ள ஜிஐ இருக்கிற வரைக்கும் மெயினுக்கு காப்பர் வேணாங்கிறது என் கணக்கு. தண்ணி புளிப்புத் தன்மையா, பிஹெச் 6.5க்கு கீழ இருந்தாலும் காப்பர் வேணாம், உள்ளயே அரிச்சிடும். இத ரெண்டையும் தாண்டி போடுறதுன்னா புதைக்கிறதுக்கு டைப் எம் வாங்காதீங்க, அது மெலிசு, டைப் கேதான் தடிச்சது.

அதே நேரம் பிளாஸ்டிக் ஒத்துவராத எடமும் இருக்கு. பழைய பெட்ரோல் டேங்க் புதைச்சிருந்த எடம், டீசல் சிந்துற ஷெட், பெயின்ட் தின்னர் கொட்டுன மூலை, இதுல எல்லாம் ஹெச்டிபிஇயோ பெக்ஸோ போட்டா அந்த ரசாயனம் பைப் சுவரு வழியா ஊறி உள்ள இருக்கிற குடி தண்ணியில கலந்துடும், பைப்பு பாக்க புதுசாவே இருக்கும். அங்க உலோகம் போடணும், இல்லன்னா நடுவுல அலுமினிய அடுக்கு வச்ச பைப்பு. வெயில்ல வெளிய தெரியிற எடத்துக்கு கருப்பு ஹெச்டிபிஇ தாங்கும், அதுல 2, 2.5 சதவீதம் கார்பன் கருப்பு கலந்திருப்பாங்க, பெக்ஸ் தாங்காது. சிபிவிசிய மெயின் லைனுக்கு போட்டு "சுடு தண்ணியே தாங்கும்ல"ன்னு பெருமைப்படுறதுல அர்த்தமே இல்ல, மண்ணுக்குள்ள எங்கங்க சுடு தண்ணி?

புதுசா வந்த மெட்டீரியல்னு உடனே தாவுறதும் யோசிச்சு செய்யணும். பாலிபியூட்டிலீன்னு சாம்பல் கலர்ல ஒரு பைப்பு 1978ல இருந்து 1995 வரைக்கும் அமெரிக்காவுல லட்சக்கணக்கான வீட்டுல போட்டாங்க, விலை மலிவு, வேலை சுலபம், அப்புறம் தண்ணியில கலக்குற குளோரின் அத உள்ளயே அரிச்சு பைப்பும் ஃபிட்டிங்கும் வெடிக்க ஆரம்பிச்சு கடைசியில கோர்ட்டுல போயி நின்னுச்சு. அதனால பைப் மேல குடி தண்ணிக்கு உகந்ததுங்கிற முத்திரை, எந்த ஸ்டாண்டர்டுன்னு நம்பர், ரெண்டும் அச்சடிச்சிருக்கான்னு பாக்காம வாங்காதீங்க, வயரிங் பைப்ப குடி தண்ணிக்குப் போட்ட வீட்டையும் நான் பாத்திருக்கேன்.

பழைய லைன் ஈயமா இருந்தா பாதி மாத்துற வேலையே வேணாம், முழுசா மாத்துங்க. பாதி மட்டும் வெட்டி புதுசு இணைச்சா வெட்டுன அதிர்ச்சியில மிச்சம் இருக்கிற ஈயம் உதிர்ந்து கொஞ்ச நாளைக்கு தண்ணியில முன்ன விட அதிகமாவே வரும், இணைச்சது காப்பரா இருந்தா ரெண்டு உலோகமும் தொடுற எடத்துல அரிப்பு வேற.

மறந்துடுற இன்னொண்ணு எர்த். பழைய வீடுகள்ல கரண்டு எர்த்த இரும்பு தண்ணி பைப்புல கட்டியிருப்பாங்க, நீங்க அத எடுத்துட்டு பிளாஸ்டிக் போட்ட அன்னைக்கே வீட்டுக்கு எர்த் இல்லாம போயிடும், அந்த பைப்ப அறுக்கும்போதே ஷாக் அடிக்கவும் வாய்ப்பிருக்கு. எலக்ட்ரீஷியன மொதல்ல கூப்பிட்டு தனி எர்த் போட்டுட்டு அப்புறம் பைப்புல கை வைங்க.

பள்ளத்துல என் சொந்த அனுபவம் ஒண்ணு. நல்ல பிவிசி, ஒழுங்கா ஒட்டுனது, ஆனா தோண்டுன மண்ணையே கல்லோட தள்ளி மூடிட்டோம், ரெண்டு வருசத்துல கோழிமுட்டை சைஸ் கல்லு ஒண்ணு அழுத்தி அழுத்தி கீறல் விட்டுடுச்சு. பைப்புக்குக் கீழ 10 சென்டிமீட்டர் மணல், மேலயும் மணல், அப்புறம்தான் மண்ணு. ஹெச்டிபிஇய விரைப்பா இழுத்துக் கட்டாதீங்க, சூடு குளிருக்கு மீட்டருக்கு டிகிரிக்கு சுமார் 0.2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும், 20 மீட்டர் லைன்ல 20 டிகிரி வித்தியாசம் வந்தா 8 சென்டிமீட்டர், பாம்பு மாதிரி லேசா நெளிச்சு விட்டுடணும். பிளாஸ்டிக் பைப்போட சேத்து ஒரு செம்புக் கம்பியும் போட்டுடுங்க, இல்லன்னா பின்னாடி லைன் எங்க போகுதுன்னு மெஷின் வச்சாலும் கண்டுபிடிக்க முடியாது.

மூடுறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட், வேலை செய்யிற பிரஷர விட ஒன்றரை மடங்கு ஏத்தி கேஜ் முள்ளு இறங்காம நிக்குதான்னு பாக்கணும், ஹெச்டிபிஇ கொஞ்சம் உப்பி ஆரம்பத்துல முள்ளு இறங்கும், பயந்துடாதீங்க, மறுபடி ஏத்தி விட்டுப் பாருங்க. அப்புறம் சுவத்துல இருந்து எத்தன அடி, எவ்வளவு ஆழம்னு டேப்ப வச்சு அதோட சேத்து ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க. தண்ணி தொறந்து விடும்போது எல்லா குழாயோட நுனி வலையையும் கழட்டிட்டு தொறங்க, பழைய துருவும் மண்ணும் அரை மணி நேரம் வந்துட்டே இருக்கும்.