பழைய வீட்டுக் கணப்பின் முகப்பைப் புதுப்பித்தல்

பழைய வீடுகளின் கணப்பு (குளிர்காய நெருப்பு மூட்டும் சுவரடுப்பு) முகப்பைப் புதுப்பிக்க விரும்புவோர், அதை இடித்துவிடலாமா என்று எண்ணுவதற்கு முன், பல அடுக்குப் பெயிண்டுக்கு அடியில் நல்ல செங்கல்லோ பளிங்கோ மறைந்திருக்கிறதா என்று ஒரு மூலையில் சிறிது அகற்றிப் பார்க்க வேண்டும். அவ்வாறு மறைந்திருந்தால் அதை மீட்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே சோதித்து அறியும் வரை அதை உப்புத்தாளால் உலரத் தேய்க்கக் கூடாது.

செங்கல் முகப்பானால், கரியைப் பிரஷ்ஷாலும் சோப்பு நீராலும் நன்கு கழுவி, உதிர்ந்த இணைப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பி, முழுவதும் உலரவிட வேண்டும். பிறகு பூசுவதற்குச் சாதாரணப் பெயிண்டை விடச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. ஏனெனில் அது செங்கல்லுக்குள் ஊறிப் பிடிப்பதோடு, சுவரின் ஈரம் வெளியேறவும் வழிவிடுகிறது, பெயிண்டைப் போல ஏடு ஏடாக உரிவதும் இல்லை. சுவரைச் சற்று நனைத்துக்கொண்டு, மெல்லிய இரண்டு பூச்சுகளாகப் பூசினால் போதும். செங்கல் தூளாக உதிரும் நிலையிலிருந்தால் பூச்சு உதவாது. அப்போது உதிரும் பகுதியை அகற்றி, உறுதியான தளம் அமைத்த பிறகே, அதன்மேல் வெப்பம் தாங்கும் பசைச்சாந்தில் டைல்ஸ் பதிக்கலாம்.

புதிய மரச்சட்டம் வைப்பவர்கள் அதை நெருப்பு வாயிலிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே அமைக்க வேண்டும். வாயிலுக்கு மேலே முன்னோக்கி நீளும் பலகைக்கு இதைவிடக் கூடுதலான இடைவெளி தேவை.