ஜெர்மன் உயிரொலிகள்: முதலில் காதைப் பழக்குங்கள்

கோவை, ஈரோடு பக்கம் நர்சிங் வேலைக்கும் மேல்படிப்புக்கும் என்று ஜெர்மன் படிக்கிறவர்கள் நிறையப் பேர். வகுப்பில் சேர்ந்ததும் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்வார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். 'யு' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஒலியை 'உ' என்று எழுதிவிட்டால் காதும் அப்படியே கேட்கப் பழகிவிடும், அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

இரண்டாவது மொழியில், முற்றிலும் புதிய ஒலியைவிடத் தாய்மொழி ஒலிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஏமாற்றும் என்று பேச்சொலி ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளெஜ் 1995இல் எழுதினார். புது ஒலியைக் கற்கும் திறன் வயதானாலும் போய்விடாது என்பதும் அவர் வாதம். அதை நம்பித் தொடங்கலாம்.

'ஷோன்' என்றால் 'ஏற்கனவே'. அதிலேயே நாக்கை முன்னால் வைத்து ஓ சொன்னால் 'அழகான'. இப்படி ஜோடிகளை நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது என்று மட்டும் கண்டுபிடியுங்கள். ஒரே ஆசிரியர் குரல் போதாது, ஆண், பெண், வயதானவர் என்று பல குரல் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர, ல ஒலிகளைப் பழக்கியபோது, பல குரல்களில் கேட்டவர்களுக்குத்தான் புதுக் குரலிலும் வேறுபாடு பிடிபட்டது.

சரி, இனி வாய். முதலில் அந்த இரண்டு புள்ளி 'யு': 'ஈ' என்று இழுங்கள், நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடியே இருக்க, உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். 'ஏ'வை இழுத்து 'ஓ'வுக்குக் குவித்தால் 'அழகான' சொல்லில் வரும் ஒலி. தமிழில் உதடு குவிந்தால் நாக்கும் பின்னால் போகும், கொங்கில் இன்னும் அதிகம்: முன்னால் வகரமும் பின்னால் டகர ணகரமும் சேர்ந்து 'வீட்டுக்கு' என்பதை 'ஊட்டுக்கு' என்றும் 'வேணும்' என்பதை 'வோணும்' என்றும் ஆக்கியிருக்கின்றன. அந்த இழுப்பு ஜெர்மனிலும் வரும். கண்ணாடி உதட்டைக் காட்டும், நாக்கை நீங்கள்தான் உணர்ந்து பிடித்து வைக்க வேண்டும்.

குறில், நெடில் நமக்குப் பிறவிச் சொத்து. ஜெர்மனிலும் 'ஷ்டட்' (நகரம்), 'ஷ்டாட்' (அரசு) இரண்டையும் பிரிப்பது அ, ஆ நீளம்தான், அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

தனி ஒலி வந்ததும் சொல்லிலும் வாக்கியத்திலும் வைத்துப் பேசி போனில் பதியுங்கள். சந்தேகம் இருந்தால் பிராட் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள்: இரண்டு புள்ளி 'யு'வில் இரண்டாவது ஃபார்மன்ட் (நாக்கு முன்னா பின்னா என்று காட்டும் அதிர்வெண்) 'ஈ'யைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தால் சரி, 'ஊ' அளவுக்கு விழுந்திருந்தால் நாக்கு பின்னால் ஓடிவிட்டது, மறுபடி 'ஈ'யிலிருந்து ஆரம்பியுங்கள்.